பாயசம் எந்தப் பக்கம் வருது

மே 4
மகள் அஸ்வதியும் அவள் கூட்டாளி லிஜோவும் என் தேங்காய்க் கிட்டங்கியைப் பிடித்துக்கொண்டார்கள். ஏதோ கோடிங் போட்டியாம். நாலு ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்து ஒரு ஆப் செய்யணும். ஹெட்போனை மாட்டினால் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த மாதிரியே இருக்குமாம். இடப்பக்கம் சாம்பார் வரும், பின்னால் சம்பந்திச் சண்டை நடக்கும். பாயசக்காரன் வருகிற பக்கம் தலையைத் திருப்பினால் ஊற்றுவான். திருப்பாவிட்டால் தாண்டிப் போயிருவான். நல்லா வந்தால் வேலைக்கே கூப்பிடுவாங்களாம்.

இலையில் விளம்புகிற ஆட்கள் எல்லாருக்கும் என் குரல். பெருமை தாங்கவில்லை.

மே 6
சென்னைப் பிள்ளைகள் எழுதினதையும் இவர்கள் எழுதினதையும் சேர்த்தார்கள். ஹெட்போனில் கேட்டால் சாம்பார் தலைக்கு மேலே பறக்குது.

மே 7
"அப்பா, சாம்பாரும் நீங்க, ரசமும் நீங்க. கேக்கவனுக்கு ஆரு எங்க நிக்கான்னே தெரியல்ல. பாயாசத்துக்கு கிருஷ்ணமணி மாமா வேணும்."

அவனா? என்னோடு மூணாங்கிளாஸில் பள்ளிக்கூடத்தை விட்டவன். இரணியல் கல்யாணத்தில் அவன்தான் பாயசம் விளம்பினான். (மாப்பிள்ளை ரெண்டு ரயிலைத் தவறவிட்ட கல்யாணம். அது தனிக் கதை.) பாயசத்தில் ஊறட்டும் என்று போளியை இலையில் பிய்த்துப் போட்டுக் காத்திருந்தேன். என் இலையை மட்டும் தாண்டிப் போனான். மூணு வருஷமாகப் பேச்சில்லை.

மே 8
பிள்ளைக்காகப் போனேன். மழை, தேங்காய் விலை, அவன் மாட்டுக்குக் காய்ச்சல், எல்லாம் பேசினேன்.

"ஏலே, வந்த காரியத்தச் சொல்லு."

சொன்னேன். சிரித்தான். "மூணு வருசம் வாய மூடிட்டு இருந்தியே, ஒனக்கு எப்படிலே முடிஞ்சு?"

மே 9
மைக்கைச் சுற்றி எங்களுக்கு இலை போட்டார்கள். கிருஷ்ணமணி நிஜப் பாயச வாளியோடு வந்தான். லிஜோவுக்கு ஊற்றினான். அஸ்வதிக்கு ஊற்றினான். என்னைத் தாண்டிப் போனான்!

"ஏலே நாசமாப் போவான், இங்க ஒருத்தன் இருக்கம்லா!"

"நீ லிஜோகிட்ட கத சொல்லிட்டு அங்க திரும்பி இருக்க மக்கா. அன்னைக்கும் இப்படித்தான் இருந்த. இலைக்காரன் பாக்காம எப்படி ஊத்த?"

அஸ்வதி என் வசவை அப்படியே ஆப்பில் வைத்துவிட்டாள். திரும்பாதவனுக்கு அதுதான் கேட்குமாம்.

மே 19
மூன்றாம் பரிசு. நடுவர் ஒருத்தர் பாயசம் கிடைக்காமல் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாராம். அஸ்வதிக்கு இன்டர்வியூ வந்திருக்கு.

ஜூன் 1
அஞ்சுகிராமத்தில் கல்யாணம். பக்கத்து இலைக்காரருக்கு ரெண்டு ரயில் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னால் பாயச வாளிச் சத்தம். பாதியில் விட்டுத் திரும்பினேன்.

"ரெண்டாவது ரயிலும் போயிட்டாவே?" என்றார் அவர்.

நான் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாயசம் இலையை நிறைத்து மடியில் வழிந்தது. புது வேட்டி. போதும் என்று சொல்லவில்லை.