பதினோரு குடும்பமும் ஒரு பாரை மீனும்

மார்ச் 3, வியாழன்

காலையிலிருந்து மப்பு. மழை இல்லை. தோட்டத்து ரப்பர் மரமெல்லாம் இலை உதிர்த்து மொட்டை. பால்வெட்டு நிறுத்தம். அதனால் பெரிய துரைக்கு (இனி து.) லீவு. கற்பிட்டிக்கு அப்பால் ஒரு தீவில் மீன் பிடிக்கப் போகிறார். தூண்டில் முள்ளில் இறகு கட்ட என் விரல்தான் அவருக்குத் தோது. ஆபீசில் சின்னக் கிளாக்கரான நானும் போகிறேன்.

எடுக்க வேண்டியவை:
காட்டுக்கோழிக் கழுத்து இறகு
வெள்ளைச் சேவல் இறகு
சிவப்புப் பட்டு நூல், மெழுகு
து. மூக்குக்கண்ணாடி (மறந்தால் தொலைந்தேன்)
லிஸ்ட்

லிஸ்ட் என்றால் ஆள் குறைப்பு லிஸ்ட். ரப்பர் விலை விழுந்ததால் பதினோரு குடும்பத்தைத் தோட்டப் பதிவிலிருந்து பேர் வெட்டி இந்தியாவுக்குக் கப்பலேற்றப் போகிறார்கள். ஐந்தாவது பேர் என் மச்சான். கூடவே அக்கா, மூன்று பிள்ளைகள். எழுதியவன் நான்தான். து. இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

அக்கா இந்த லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள். இந்தியா எந்தத் திசை என்றுகூடத் தெரியாது. அம்மா செத்த பிறகு அவள் பால் வெட்டி என்னைக் கேகாலைக்குப் படிக்க அனுப்பினாள். இல்லாவிட்டால் இன்று நானும் வாளி தூக்கிக்கொண்டிருப்பேன்.

ஐந்தாவது பேரை எடுத்துவிடச் சொல்லி இன்று தைரியமாக து.விடம் கேட்டே விட்டேன். "பாக்கலாம், கிளாக்கர். முதல்லே மீன்" என்றார்.

அக்காவிடம் சொன்னேன். "அப்ப மீன் கெடைக்கட்டும் தம்பி. முனியாண்டிக்கு நேந்துக்கிறேன்." சொன்னாளே தவிர, சட்டி பானையெல்லாம் ஏற்கனவே மூட்டை கட்டியாச்சு. பார்க்கச் சகிக்கவில்லை.

மார்ச் 4, வெள்ளி

கடும் வெயில். கார்ப் பயணத்தில் இடுப்புப் போச்சு. படகில் வாந்தி, இரண்டு தடவை. து. என்னைப் பார்த்துச் சிரித்தார். நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேன்.

தீவில் மணல், கொஞ்சம் தென்னை, ஓலைக் கொட்டகை ஒன்று. படகுக்காரர் சேகு நானா. வெற்றிலை வாய், நல்ல மனிதர். நான் கட்டிய இறகு முள்ளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது எந்த ஊட்டுக் கோழிங்க?" என்றார்.

து. சட்டம்: இரை குத்துகிறவன் வயிற்றுக்குப் பிடிக்கிறவன். இறகு வீசுகிறவன் ஜென்டில்மேன். இறகைப் பூச்சி என்று நினைத்து மீன் தானாக வந்து கவ்வ வேண்டுமாம். எனக்குச் சிரிப்பு. அடக்கிக்கொண்டேன்.

மார்ச் 5, சனி

ஒன்றுமில்லை. து. நாள் முழுக்க முழங்கால் தண்ணீரில் நின்று, மாட்டுக்காரன் சாட்டை மாதிரி நூலை முன்னும் பின்னும் வீசினார். ஒரே ஒரு தடவை சிக்கியது. என் தொப்பி.

முதுகெல்லாம் தோல் உரிகிறது. தடவத் தேங்காய் எண்ணெயும் தீர்ந்துவிட்டது.

மார்ச் 6, ஞாயிறு

காற்று. இறகு நிறம் நாலு தடவை மாற்றிக் கட்டினேன். மீன் கிட்டே வந்து பார்க்கிறது, போகிறது. து. தேத்தண்ணீரை மணலில் ஊற்றினார். "நாளைக்கு ஒரு நாள்தான். பங்களா போனதும் லிஸ்ட் முடிக்கணும்" என்றார். முகத்தைப் பார்த்தேன். ஐந்தாவது பேர்மேல் இரக்கமே அதில் இல்லை.

சேகு நானா என்னைத் தனியே கூப்பிட்டார். "எறகக் காட்டினா மீன் வருமா கிளாக்கர்? வெறுங்கை மொழம் போடுமா? ஒரு துண்டு கணவாயக் குத்தி உடுங்க. நல்ல இறுக்கமா நிக்கும். தொரைக்கு வெளங்காது."

விளங்காதுதான். தண்ணீரில் இறங்கும்போது து. கண்ணாடி போடுவதில்லை.

அக்கா முகமே கண்ணுக்குள். பயமாக இருக்கிறது.

மார்ச் 7, திங்கள்

காற்று அடங்கிக் கடல் தட்டையாக. வெள்ளை இறகுக்கு அடியில் வெள்ளைக் கணவாய், விரல் நகத்தளவு. குத்திவிட்டேன்.

மூன்றாவது வீச்சில் பாரை. கையளவு நீளம் இல்லை, கால் அளவு! இருபது நிமிஷம் இழுபறி. து. சின்னப் பிள்ளையாகக் கத்தினார். சேகு நானா மணலில் இழுத்துப் போட்டதும் து. என் முதுகில் ஒரு தட்டு தட்டினார். முதுகு எரிந்தது, மனசு குளிர்ந்தது.

"கிளாக்கர், அந்த லிஸ்ட் கொண்டா. கண்ணாடி கொண்டா."

கொட்டகைக்கு ஓடி எடுத்து வந்தேன். கண்ணாடி போட்டு, பென்சிலால் ஐந்தாவது பேர்மேல் ஒரு கோடு இழுத்தார். என் கண் முன்னால். கும்பிட்டேன். அழுதும் விட்டேன், வெட்கமில்லாமல்.

முள் இன்னும் மீன் வாயில். து.வுக்கு அந்த இறகை ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டுமாம். நான் எடுக்கிறேன் என்றேன். வேண்டாம் என்று அதே கண்ணாடியோடு குனிந்தார்.

இறகுக்கு அடியில் தடவி, விரலை மோந்து பார்த்தார்.

"யாரு?"

சேகு நானா கடலைப் பார்த்தார். நான்தான் என்றேன். து. சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. "இது மீன் பிடிக்கிறது இல்லே, கிளாக்கர். களவு." மீனை நானாவிடம் தள்ளிவிட்டு, லிஸ்டை மடித்துப் பையில் வைத்தார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது.

மத்தியானம் கரைக்குத் திரும்பி, நானா வீட்டில் சோறு, அந்த மீனில் வைத்த ஆணம். நான் வெறும் சோறு தின்றேன்.

மார்ச் 8, செவ்வாய்

பயணம். ருவான்வெல்லையில் தூறல்.

மார்ச் 9, புதன்

மழை. காலையில் மேசைமேல் லிஸ்ட், து. கையெழுத்தோடு. பென்சில் கோட்டை ரப்பரால் சுத்தமாக அழித்திருக்கிறார். ஐந்தாவது பேர் பளிச்சென்று. நாளை எட்டு மணிக்குள் மூன்று படி எழுத வேண்டும்.

சாயங்காலம் லயத்துக்குப் போனேன். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசனை. அக்கா வாசலிலேயே நின்றாள்.

"தம்பி, தொரைக்கு மீன் கெடச்சிச்சா?"

"கெடச்சிச்சுக்கா. பெரிய பாரை."

மீதியைச் சொல்வதற்குள் அக்கா மேலே பார்த்துக் கும்பிட்டாள். உள்ளே போய் மூட்டையை அவிழ்த்துச் சட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுப்பங்கரையில் அடுக்க ஆரம்பித்தாள்.