தானாக இருளும் கண்ணாடி

நவம்பர் 3, திங்கள்

புது வேனில் முதல் சாயங்கால ஷிப்ட். வேலை அதேதான். மருத்துவமனை நர்ஸுகளை வீடு வீடாக ஏற்றிக்கொண்டு போய் இறக்குவது, ஷிப்ட் முடிந்தவர்களைத் திரும்ப வீட்டில் விடுவது. வண்டிக்குப் புது வாசனை இன்னும் போகவில்லை. தொடவே கை கூசியது.

பழக்க தோஷம், பின்னால் வருவதைக் காட்டும் நடுக்கண்ணாடிக்கு அடியில் அந்தக் குட்டிப் பிடியை விரல் தேடியது. பழைய வண்டியில் பின்னால் வருகிறவன் ஹைபீம் அடித்தால் அதை ஒரு தட்டுத் தட்டுவேன், வெளிச்சம் மங்கிவிடும். இதில் பிடியே கிடையாது. மேனேஜர் பெருமையாகச் சொன்னார்: "கண்ணாடிக்கே கண்ணு இருக்கும்மா. முன்பக்கம் ஒண்ணு, பின்பக்கம் ஒண்ணு. வெளியே இருட்டு, பின்னாடி வெளிச்சம்னா தானாவே இருண்டுக்கும். நீங்க சும்மா ஓட்டினா போதும்."

அதைவிடப் பெருமை அவருக்கு வேறொன்றில். வேனின் முன்கண்ணாடி உச்சியில், நட்டநடுவே, தன் கையாலேயே ஒரு பலகை மாட்டியிருக்கிறார். 'மருத்துவமனை ஊழியர்' என்று உள்ளே விளக்கு எரியும் பலகை. இருட்டில் எது தங்கள் வேன் என்று நர்ஸுகள் தடுமாறக் கூடாதாம். இருட்டியதும் போட வேண்டும், பகலில் அணைத்துவிட வேண்டும். போட்டால் சினிமா தியேட்டர் வாசல் மாதிரி ஜொலிக்கிறது. இறங்கி நின்று ஒரு முறை ரசித்துவிட்டுத்தான் உள்ளே போனார்.

நவம்பர் 4, செவ்வாய்

தானாக இருளவில்லை.

நவம்பர் 6, வியாழன்

மூன்று நாளாகப் பார்க்கிறேன். பின்னால் எவன் வந்தாலும் வெளிச்சம் நேராக என் கண்ணுக்குள் வந்து விழுகிறது. ஒரு நிமிஷம் முன்னால் இருக்கும் ரோடே தெரிவதில்லை. புருவத்துக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, யாருக்கோ சல்யூட் அடிக்கிறவள் மாதிரி ஓட்டுகிறேன்.

கடைசி டிரிப் முடிந்து என் வீட்டுக்காரரைக் கடையிலிருந்து ஏற்றிக்கொண்டேன். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவர் அவர். உலகத்தில் எந்தப் பிரச்சினைக்கும் கண்ணைத்தான் முதலில் சந்தேகப்படுவார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் மேலே ஒரு கை பிடியில், கீழே ஒரு கால், அங்கே இல்லாத பிரேக்கில். "கண்ணு டெஸ்ட் பண்ணி எத்தனை வருஷம் ஆச்சு?" என்றார்.

நவம்பர் 7, வெள்ளி

மெக்கானிக்கிடம் சொன்னேன். மத்தியானம் ஷெட்டுக்குள் வண்டியை விட்டு, ஷட்டரை இறக்கி இருட்டாக்கி, பின் சீட்டிலிருந்து டார்ச் அடித்தார். கண்ணாடி அழகாக, இங்க் கொட்டின மாதிரி கருநீலமாக மாறியது. என் கண்ணாலேயே பார்த்தேன்.

"பிரமாதமா இருக்குக்கா. இதுக்கு மேல என்ன வேணும்?"

அப்போ?

வாசலில் நின்ற ஹார்ன் சிரித்தான். பகல் ஷிப்ட் டிரைவர். கை எப்போதும் ஹார்னிலேயே இருப்பதால் இந்தப் பெயர். "வண்டிதான்க்கா புதுசு, நாம பழசுதானே" என்றான்.

நவம்பர் 8, சனி

கண் டாக்டர் இரண்டு வாக்கியம் சொன்னார். "இந்த வயசுக்குப் பார்வை நல்லாவே இருக்கு." அது ஒன்று. "ராத்திரியில கொஞ்சம் கூசத்தான் செய்யும்." அது இரண்டு. கூட வந்த வீட்டுக்காரர் காதில் இரண்டாவது மட்டும்தான் விழுந்தது. சாயங்காலமே கடையிலிருந்து ஒரு மஞ்சள் கண்ணாடி கொண்டுவந்து மாட்டிவிட்டார். ரோடு, மரம், போலீஸ்காரர் எல்லாருக்கும் மஞ்சள் காமாலை. கூச்சம் மட்டும் அப்படியே இருந்தது.

நவம்பர் 10, திங்கள்

இன்று பயந்துவிட்டேன். பாலத்து இறக்கத்தில் பின்னால் ஒரு லாரி. வெளிச்சத்தில் முன்னால் போன சைக்கிள் கண்ணிலிருந்தே மறைந்துபோனது. பிரேக்கை ஒரே அழுத்து. வேன் நடுரோட்டில் நின்றது. சைக்கிள்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பின் சீட்டிலிருந்து பெரிய சிஸ்டர் மட்டும் மெதுவாகக் கேட்டார்: "என்னம்மா, தெரியலையா?"

தெரியலை சிஸ்டர். தெரியலைன்னு எப்படிச் சொல்றது.

வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லித் தொலைத்தேன். "நாளையிலிருந்து நான் பஸ்ல வந்துடறேன்" என்கிறார். கோபமாகக்கூட இல்லை, பதமாகச் சொல்கிறார். அதுதான் தாங்கவில்லை. இத்தனை வருஷம் கூடவே உட்கார்ந்து வந்த மனுஷன், என் வண்டிக்குப் பயந்து பஸ்ல போறாராம்! போகட்டும். கூட்டத்துல நசுங்கிட்டு வரட்டும்.

— உண்மையாகவே என் கண்தானோ?

நவம்பர் 12, புதன்

மேனேஜர் கூப்பிட்டார். பெரிய சிஸ்டர் எதுவும் சொல்லவில்லையாம், அவராகத்தான் விசாரித்தாராம். "ஒரு மாசம் பகல்ல ஓட்டுங்க. சாயங்காலத்தைப் பகல் டிரைவர் பார்த்துக்கட்டும். பொறவு பார்ப்போம்."

அந்தப் 'பொறவு' எனக்குத் தெரியும். அது வரவே வராது. இந்தச் சாயங்கால ஷிப்டைச் சண்டை போட்டு வாங்கினவள் நான். பொம்பளைக்கு எதற்கு இருட்டில் வேலை என்று கேட்ட வாய்களை எல்லாம் மூடவைத்து வாங்கினது. சாவியை ஹார்ன் கையில் கொடுக்கும்போது முகத்தை மட்டும் கல்லாக வைத்துக்கொண்டேன். ஷெட்டுக்குப் பின்னால் குழாயடியில் போய் அழுதேன்.

நவம்பர் 14, வெள்ளி

காலையில் வண்டியை எடுத்தால் நடுக்கண்ணாடி வேன் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. யாரோ இடித்திருப்பார்கள். சரி செய்துகொண்டேன்.

நவம்பர் 15, சனி

இன்றும் கூரை.

நவம்பர் 17, திங்கள்

இன்றும்! நேரே ஹார்னிடம் போனேன். "கண்ணாடியை ஏம்ப்பா மேல தூக்கி வைக்கிறே?"

"என் உயரத்துக்கு அப்படி வச்சாத்தான்க்கா தெரியுது."

என் தோள் உயரம் இருக்கிறவன் சொல்கிறான். கூரையில் என்ன தெரியுமாம், நட்சத்திரமா? பேச்சை மாற்றிக்கொண்டு நழுவிவிட்டான். நழுவட்டும். எனக்குப் புரிந்துவிட்டது. அவனுக்கும் கூசுகிறது! என்னைக் கிண்டல் செய்த வாயால் சொல்ல முடியவில்லை, கண்ணாடியையே திருப்பி வைத்துவிட்டுப் பின்னால் வருவது எதையும் பார்க்காமல் ஓட்டுகிறான்.

பத்து நாளில் இன்றுதான் ஒழுங்காகச் சாப்பிட்டேன். என் கண்ணில் கோளாறு என்றால் அவன் கண்ணில் என்ன? ஆனால் ஷெட்டில் அந்தக் கண்ணாடி இருண்டதே, அதை நானே பார்த்தேனே. ஷெட்டில் இருண்டது ரோட்டில் ஏன் இருளவில்லை?

நவம்பர் 18, செவ்வாய்

எழுத உட்கார்ந்தால் சிரிப்பு வருகிறது. நிதானமாக எழுதுகிறேன்.

மூன்று மணிக்கே வானம் கறுத்து மழை கொட்டத் தொடங்கியது. பகலிலேயே எல்லா வண்டிகளும் விளக்குப் போட்டன. பின்னால் ஒரு ஜீப், ஹைபீமோடு. வழக்கம்போல் கையை நெற்றிக்குத் தூக்கினேன். தேவையே இல்லை! கண்ணாடி கருநீலமாக இருண்டிருந்தது. ஜீப்பின் இரண்டு விளக்கும் சாதுவாக, இரண்டு பொட்டு மாதிரி தெரிந்தன. இது என்னடா அதிசயம் என்று அதையே பார்த்துக்கொண்டு போனேன்.

அப்போது போன். மருத்துவமனை வாசலிலிருந்து ஒரு சிஸ்டர்: "அக்கா, மழையில எந்த வண்டின்னே தெரியலை, போர்டைப் போடுங்களேன்." போட்டேன்.

போட்ட உடனே கண்ணாடி வெளுத்தது. ஜீப் முழுசாக என் கண்ணுக்குள் வந்துவிட்டது.

அணைத்தேன். இருண்டது. போட்டேன். வெளுத்தது. ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி, மழையில் நனைந்துகொண்டே முன்கண்ணாடி வழியே நடுக்கண்ணாடியின் முதுகைப் பார்த்தேன். முன்பக்கக் கண் அங்கே இருக்கிறது. பட்டாணி அளவு. அதற்கு நேர் எதிரே, ஒரு சாண் தூரத்தில், மேனேஜரின் பலகை. அதன் பின்புறத்தில் கசியும் வெளிச்சம் முழுக்க அந்தக் கண்ணில்தான் அடிக்கிறது. பாவம் அந்தக் கண்ணாடி, இருட்டியதிலிருந்து பட்டப்பகல் என்று நம்பிக்கொண்டிருக்கிறது! பகல் என்றால் அது எதற்கு இருளப் போகிறது? மெக்கானிக் சோதித்தது மத்தியானம், பலகை அணைந்திருந்த நேரம். அதனால்தான் ஷெட்டில் ஒழுங்குப்பிள்ளையாக இருண்டது.

என் கண் இல்லை. என் கண் இல்லவே இல்லை. மழையில் நின்று வாய்விட்டுச் சிரித்தேன். குடையோடு போன ஒருவர் வேகமாக நடந்துபோய்விட்டார்.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. ஹார்னைக் கூப்பிட்டு, "போர்டு போடாம ஓட்டுப்பா, இன்னிக்கு மட்டும்" என்றேன். ஏன் என்று கேட்டான். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

நவம்பர் 19, புதன்

மேனேஜரிடம் நான் எதையும் விளக்கவில்லை. விளக்கினால் விவாதம் வரும். "ஒரு நிமிஷம் சார், டிரைவர் சீட்ல உட்காருங்க" என்றேன். ஷட்டர் இறங்கியது. பலகையைப் போட்டேன். பின்னாலிருந்து மெக்கானிக் டார்ச் அடித்தார்.

"கூசுதா சார்?"

"ஐயோ, ஆமாம்மா. போதும், போதும்!"

"அப்போ சார் கண்ணையும் டாக்டர்கிட்ட காட்டிடலாமா?"

நான் பலகையை அணைத்தேன். அவர் முகத்துக்கு முன்னாலேயே கண்ணாடி மெல்ல மெல்லக் கருநீலமானது. அவரே கை நீட்டிப் பலகையைப் போட்டார். வெளுத்தது. அணைத்தார். இருண்டது. புதுப் பொம்மை கிடைத்த குழந்தை மாதிரி திரும்பத் திரும்பச் செய்தார்.

"நான்தானே மாட்டினேன்" என்றார். "நானே கழட்டறேன். ஸ்குரூ டிரைவர் எங்கப்பா?"

பலகையை இடது மூலையில், கீழே மாட்டினோம். அதன் முதுகுக்கு ஒரு கறுப்புத் தகடு. நான் சொன்ன இடம், நான் சொன்ன தகடு. ஹார்ன் ஓரமாக வந்து, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "எனக்கும் கூசிச்சுக்கா. முதல் நாளே. நேத்து ராத்திரிதான் நிம்மதியா ஓட்டினேன்."

"தெரியும்ப்பா. கூரையே சொல்லிடுச்சு."

அவனே சிரித்துவிட்டான். சாவியை அவனாகவே என் கையில் வைத்தான். மேனேஜர் அப்புறம் கூப்பிட்டு, அடுத்த மாதம் வருகிற புது வேன்களுக்கும் பலகை எங்கே வைப்பது என்று என்னையே கேட்டுக்கொள்ளப் போவதாகச் சொன்னார். வரவே வராது என்று நினைத்த அந்தப் 'பொறவு' இன்றைக்கே வந்துவிட்டது!

நவம்பர் 20, வியாழன்

பாலத்து இறக்கம். பின்னால் லாரி. எல்லாம் தெரிந்தது — சைக்கிள், அதன் மட்கார்டு, கேரியரில் கட்டியிருந்த பை. பெரிய சிஸ்டர் பின்னாலிருந்து, "இன்னிக்குத்தான்மா எனக்கும் மூச்சு வருது" என்றார்.

நவம்பர் 21, வெள்ளி

பலகைக் கதையைச் சொல்லி, மஞ்சள் கண்ணாடியைக் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்காரர் அதை வாங்கித் துடைத்து, டப்பாவில் வைத்தார். பஸ்ஸிலேயே வந்தார்.

நவம்பர் 27, வியாழன்

இன்றும் பஸ். நான் கேட்கவில்லை. எனக்கும் ரோஷம் உண்டு.

டிசம்பர் 5, வெள்ளி

கடைசி டிரிப் முடிந்து கடை வழியாக வந்தேன். வீட்டுக்காரர் ஷட்டரைப் பூட்டிவிட்டு, பஸ் ஸ்டாப் பக்கம் போகாமல், பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தார். நிறுத்தினேன். ஏறினார்.

பாலம் தாண்டியதும் பின்னால் வரிசையாக மூன்று லாரி. கண்ணாடி தன்பாட்டுக்கு இருண்டுகொண்டது. இவர் என்ன செய்கிறார் என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். மேலே பிடியில் கை இல்லை. கீழே பிரேக்கில் கால் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, தலையை ஜன்னலில் சாய்த்து, வாயைத் திறந்து வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

வேகத்தைக் குறைத்தேன். அவசரமே இல்லை. வீட்டு வாசலில் வண்டி நின்ற பிறகுதான் கண் விழித்தார். சுற்றிலும் பார்த்தார்.

"அதுக்குள்ள வந்துட்டோமா?" என்றார்.