மூடியே வந்த இன்ஜின்

பென்னலூர்,
ஞாயிறு மதியம்.

அன்புள்ள கார்முகிலுக்கு அம்மா எழுதுவது. வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு நீ சுகமாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே எங்கள் இருவர் உடம்புக்கும் குறை ஒன்றும் இல்லை, என் முட்டிவலியைத் தவிர. தினமும்தான் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டு மடியிலேயே வைத்துக்கொள்கிறார், நான் எதைத் தனியாகப் பேசுவது? பக்கத்து வீட்டு பிரவீனாவின் வீட்டுக்காரர் உங்கள் போலந்துக்கே வேலைக்குக் கிளம்புகிறார், மாவடு பாட்டிலோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். யாரும் பக்கத்தில் இல்லாதபோது படி.

விஷயம் உன் பைக்தான். இன்ஜின் கம்பெனியில் அப்பா வேலை பார்த்த லைனை எடுத்துவிட்டு வயதானவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள் இல்லையா, அந்த வாரம் நீ போனில், சும்மாதானப்பா இருக்கீங்க, பின்னாடி துருப்புடிச்சிக் கெடக்குற என் வண்டி இன்ஜின செஞ்சி வைங்க, சித்திரைக்கு வந்து ஓட்றேன், இதெல்லாம் உங்களுக்கு ஜுஜுபி என்று சொன்னாய். நல்ல மனதோடுதான் சொன்னாய், எனக்குத் தெரியும். அப்பாவும் சிரித்துக்கொண்டே சரிடா என்றார். மறுநாளே இன்ஜினைக் கழற்றிக் கூடத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டார். அன்றிலிருந்து என் வீடு வீடாக இல்லையப்பா. சோற்றில்கூட பெட்ரோல் வாடை. என் இட்லித் தட்டின் குழிக்கு ஒரு வகையாக நட்டும் வாஷரும். கேட்டால், கலந்துபூடும் கங்கா, தொடாத என்கிறார். நாங்கள் இட்லி தின்று எத்தனை காலம் ஆகிறது, தோசையாகவே ஓடுகிறது.

ஆரம்பத்தில் வேலை நடக்கிறது என்றுதான் நினைத்தேன். கழற்றுவார், துடைப்பார், மாட்டுவார், உதைத்துப் பார்ப்பார், இருமலோடு நின்றுவிடும், திரும்பவும் கழற்றுவார். போனில் வீடியோ பார்க்கிறார், அதில் பேசுகிறவன் இந்தி பேசுகிறான், நான் டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு எழவும் புரியவில்லை. கடைசியாக எல்லாவற்றையும் மாட்டி மூடிய பிறகு தட்டில் ஒரு சின்னப் பல்சக்கரம் மீந்திருந்தது. அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார் மனுஷன். அவர் வேலைக்குப் போன கம்பெனி பஸ் நம் தெருமுனையில் வரும் நேரம் பார்த்து இப்போதெல்லாம் குளிக்கப் போய்விடுகிறார், பழைய ஆட்கள் கண்ணில் படக்கூடாதாம்.

பொறுக்க முடியாமல் நான்தான் அவரிடம் சொல்லாமல், சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் மெக்கானிக் கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரர் அய்யாத்துரையைப் போய்க் கூப்பிட்டேன். பாவம், நல்ல மனுஷர், கடையைச் சாத்திவிட்டு வந்தார். வந்து அப்பாவைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொண்டார். அண்ணாச்சி, நீங்க இன்ஜின் கம்பெனியில இருந்தவுக, ஒங்களுக்கு நான் என்னத்தச் சொல்லித் தர, ஏதாவது சோதிச்சிப் பாக்கியளா என்று சிரித்தார். அப்பாவும் சிரித்தார். இன்னா செய்யறது, பார்ட்ஸ் சரியா கெடைக்கல என்று பெரிய மனுஷன் தோரணையில் ஒரு பொய் சொன்னார். அய்யாத்துரை தலையாட்டி, டீ குடித்து, கும்பிட்டுவிட்டுப் போனார். நான் கூப்பிட்ட மெக்கானிக் இன்ஜினைத் தொடவே இல்லை!

அவர் போனதும் என்னைத் திட்டுவார் என்று நான் அடுப்படியில் ஒளிந்துகொண்டேன். திட்டவில்லை. என் பக்கத்தில் வந்து கீழே உட்கார்ந்தார். கங்கா, எனக்கு இன்ஜின் தெரியாதுடி என்றார். என்ன உளறுகிறீர்கள், இத்தனை வருஷம் அங்கே என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். வலதுபக்க மூடிக்கு எட்டு போல்ட்டு, மேலேந்து மிஷின் தொங்கும், அத்த புடிச்சி முறுக்குவேன், அடுத்தது வரும், அவ்ளோதான், எங்கிட்ட வர்றப்பவே இன்ஜின் மூடிகினுதான் வரும், உள்ள இன்னா கீதுன்னு நான் ஒருநாளும் பார்த்ததே இல்ல என்றார். தெருவே இன்ஜின்காரர் வூடுன்னு சொல்லுது, புள்ள ஜுஜுபின்றான், நான் எந்த மூஞ்ச வெச்சிகினு சொல்வேன் என்று அழுதுவிட்டார். என் கல்யாணமாகி அவர் அழுது நான் பார்த்ததில்லை. எனக்கும் தாங்கவில்லை, நானும் அழுதேன். புள்ளகிட்ட மட்டும் சொல்லிடாத என்று என்னிடம் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

அந்தச் சத்தியத்தை இப்போது மீறுகிறேன், பாவம் வந்தால் எனக்கு வரட்டும். நீ அவரிடம் இதைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. ஆறுதல் சொல்கிறேன் என்று எதையாவது உளறியும் வைக்காதே, உனக்கு வாய் நீளம். போனில் வண்டியைப் பற்றி நீயாகப் பேச்சை எடுக்காதே. வேறு யாரையாவது வைத்துச் செய்து தருகிறேன் என்று அங்கிருந்து ஏற்பாடு பண்ணாதே, அது அவரைக் கொன்றதற்குச் சமம். சித்திரைக்கு வருகிறாய் இல்லையா, வந்ததும் ஊர் சுற்றப் போகாமல் அவர் பக்கத்தில் கீழே உட்கார். எனக்கு ஒண்ணும் தெரியலப்பா, ரெண்டு பேரும் பிரிச்சிப் பார்க்கலாமா என்று கேள். நீ நடிக்கவே வேண்டாம், உனக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரியாது. வண்டி ஓடினால் ஓடட்டும், இல்லையென்றால் பழைய இரும்புக்காரனை நானே கூப்பிடுகிறேன், எனக்கும் அலுத்துப்போய்விட்டது.

சளி பிடித்தால் உடனே மாத்திரை போட்டுக்கொள், ஈரத் தலையோடு வெளியே போகாதே. குலதெய்வம் உனக்குத் துணையிருக்கும், நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். படித்ததும் இதைக் கிழித்துப் போடு. ஒன்று மட்டும் மறக்காதே தம்பி. என்னிடம் சொல்லி முடித்த அன்றைக்குத்தான், கம்பெனியை விட்டு வந்த பிறகு முதல் தடவையாக, அப்பா அசந்து தூங்கினார். உன்னிடமும் அவர் வாயாலேயே சொல்லும்படி நீ நடந்துகொள்.

இப்படிக்கு,
உன் அம்மா
கங்கா