சாலையோரத்து நூற்றிருபது ஏக்கர்

மே 14, புதன்கிழமை

அன்புள்ள ஜெனெலுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளை கேலமும் குட்டி ரூபியும் சுகமாக இருக்க வேண்டும், அது ஒன்றைத்தான் இந்த மாதம் கடவுளிடம் நல்ல மனதோடு கேட்டேன், மற்றதெல்லாம் மழையைப் பற்றி, அதுவும் சண்டைக் குரலில். நான் நலம். அப்பாவும் நலம் என்று எழுதச் சொல்கிறார், நான்கு நாளாக ஒழுங்காகச் சாப்பிடாத மனிதர் நலம் என்றால் நலம்தான். உங்கள் நியூசிலாந்தில் குளிர் தொடங்கியிருக்கும், ரூபிக்கு நான் பின்னி அனுப்பிய தொப்பி காதை மூடுகிறதா என்று எழுது.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதக் கடைசியில் நீ போன் செய்தபோது, இன்னும் ஒரு விதைகூடப் போடவில்லை, மண் சூடாகட்டும் என்று காத்திருக்கிறேன் என்று அப்பா சொன்னாரே, அது பச்சைப் பொய். அதற்கு ஒரு வாரம் முன்பே, நாம் குத்தகைக்கு உழுகிற அல்வினா ஆல்பர்ஸின் நூற்றிருபது ஏக்கரிலும் சோயா போட்டு முடித்திருந்தார். நான் பக்கத்தில் நின்று பாத்திரம் துடைத்துக்கொண்டே கேட்டேன், வாயைத் திறக்கவில்லை, ஆகவே அந்தப் பொய்யில் பாதி என்னுடையது. அந்த நிலம் எதற்காக என்று உனக்குத் தெரியும். நம்முடைய மேட்டு நிலம் எங்கள் இரண்டு பேருக்குப் போதும், நீங்கள் மூவரும் இங்கே வந்து இரண்டு குடும்பமாகப் பிழைக்க வேண்டுமென்றால் அல்வினாவின் குத்தகை நம் கையில் இருந்தாக வேண்டும். அடுத்த வருடத்துக்கு யார் உழுவது என்று அவள் இந்தக் கோடையில் முடிவு செய்வாள். பக்கத்துப் பண்ணை டெல்மர் ஐலர்ஸுக்கும் அந்த நிலத்தின் மேல் ஒரு கண், குளிர்காலம் முழுக்க அவள் வாசலில் பனி தள்ளிக் கொடுத்துக்கொண்டு திரிந்தான்.

நம் ஊர்ப் பழக்கம் உனக்கு மறந்திருக்காது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் ஒருவரும் நேராக வீட்டுக்குப் போக மாட்டார்கள், காரை நடை வேகத்தில் உருட்டிக்கொண்டு அடுத்தவன் வயலில் முளை வந்ததா, வரிசை நேராக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சாப்பாடு. எண்பத்தொரு வயதில் அல்வினாவும் கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டு போகிறாள், அவள் நிலமோ சாலையை ஒட்டியே கிடக்கிறது. ஏப்ரல் மூன்றாவது வாரம் நான்கு நாள் வெயில் அடித்தது. டெல்மர் விதைப்பு இயந்திரத்தை இறக்கிவிட்டான், அந்தப் புழுதி நம் சமையலறை ஜன்னலிலிருந்தே தெரிந்தது. அவ்வளவுதான், உன் அப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மண்ணில் குத்திய வெப்பமானி ஃபாரன்ஹீட்டில் நாற்பத்தேழு காட்டியது, உங்கள் ஊர்க் கணக்கில் எட்டு டிகிரி, சோயாவுக்குப் பத்தாவது வேண்டும். மூன்றாம் நாள் குளிர்மழை என்று வானொலியில் சொல்லியும் விட்டார்கள். ஐந்து நாள் பொறுங்கள் என்று கெஞ்சினேன். “டெல்மரோட விதை மட்டும் என்ன, கம்பளி போர்த்திக்கிட்டா உள்ள போகுது?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். டெல்மருடையது சரிவான மணல் நிலம், சீக்கிரம் சூடேறும். அல்வினாவுடையது தட்டையான கறுப்புக் களிமண், நீரைப் பிடித்தால் விடாது. இது தெரியாத மனிதரா அவர், நாற்பது வருடமாக அதிலேதான் நடக்கிறார். நம் மேட்டு நிலத்து மக்காச்சோளத்துக்கு மட்டும் பொறுமையாக மே மாதம்வரை காத்திருந்தார், அது இப்போது பச்சைக் கோடு போட்டதுபோல் நிற்கிறது, ஏனென்றால் அதை யாரும் சாலையிலிருந்து பார்க்க முடியாது.

மழை சொன்ன நாளில் வந்தது. பனிக்கட்டி கரைந்த தண்ணீர்தான் அது, ஒன்பது நாள் விட்டுவிட்டுப் பெய்தது. பிறகு ஒரே நாளில் தெற்குக் காற்றும் வெயிலும் சேர்ந்து அடித்ததில் மேல்மண் பொருக்குத் தட்டிவிட்டது. நான் கரண்டியை எடுத்துக்கொண்டு போய்த் தோண்டினேன், கூரை ஓடு பெயர்வதுபோல் பெயர்ந்தது. சில விதை அழுகி நாறியது. மற்றது முளைத்திருந்தது, ஆனால் சோயா கழுத்தை வளைத்துத்தானே மண்ணை முட்டும், முட்ட முடியாமல் கழுத்து வீங்கிப் போய்க் கிடந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, சொல்வதற்கென்ன. பொருக்கை உடைத்தால் பாதிக் கழுத்து முறியும், உடைக்காமல் விட்டால் உள்ளேயே எல்லாம் சாகும். உடைக்கிற அந்த முள்சக்கர இயந்திரத்தை நாம் எப்போதோ விற்றுவிட்டோம், சுற்றுவட்டத்தில் அது டெல்மரிடம் மட்டும்தான் இருக்கிறது. அப்பா போக மாட்டேன் என்றார். நான் போனேன். அவன் நல்ல விதமாகத்தான் பேசினான், கொட்டகைக்குப் பின்னால் கிடக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றான். திரும்பும்போது மெதுவாக, “அல்வினாகிட்ட நான் ஒண்ணும் மூச்சு விடமாட்டேன்” என்றான். அதுதான் நெஞ்சில் குத்தியது.

காலை ஈரத்தில் முளை விறைப்பாக இருக்கும், ஓட்டினால் படபடவென்று ஒடியும், அதனால் மத்தியானம் வெயில் ஏறி அது துவளும்வரை வயலோரத்தில் டிராக்டரை நிறுத்திவிட்டு இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம், அது போன சனிக்கிழமை. நான் ஓட்டினேன், அப்பா பின்னாலேயே குனிந்து எண்ணிக்கொண்டு வந்தார். நேற்றோடு மூன்று நாள் ஆகிறது, ஓரடிக்கு ஏழெட்டு முளை நிற்க வேண்டிய இடத்தில் மேற்குப் பக்கம் ஐந்து வந்திருக்கிறது, அது தேறும். சாலையை ஒட்டிய நாற்பது ஏக்கரில் ஒன்று, இரண்டு. எது எல்லோர் கண்ணிலும் பட வேண்டும் என்று அவசரப்பட்டாரோ அதுதான் போயிற்று.

ஞாயிறுவரைகூடக் காத்திராமல் நேற்று அல்வினாவே வந்துவிட்டாள். காரை விட்டு இறங்கி, கைத்தடியால் மண்ணைக் கிளறிப் பார்த்தாள். அப்பா விதை நிறுவனத்தைக் குறை சொல்ல ஆரம்பித்தார். நான் குறுக்கே போய், விதைமேல் தப்பு இல்லை, மண் குளிர்ந்திருந்தது தெரிந்தே போட்டோம், டெல்மர் போடுகிறானே என்று போட்டோம், நீங்கள் பார்த்து மெச்ச வேண்டும் என்று போட்டோம் என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். அப்பா முகம் சிவந்துவிட்டது. அவள் கைத்தடியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.

“முளைக்கலேன்னா மறுபடி போடுங்க, அதுக்காக நான் நிலத்தைப் பிடுங்கிட மாட்டேன்,” என்றாள். “ஆனா லோர்னா, என் மக வர்றா வர்றான்னு உன் வீட்டுக்காரர் ரெண்டு குளிர்காலமாச் சொல்லிட்டிருக்காரு. அவ வர்றாளா இல்லையா? அந்தப் பொண்ணே எனக்குச் சொல்லட்டும். கிறிஸ்மஸ் கார்டுல கையெழுத்தா மட்டும் வர்ற ஆளுக்காக நான் எத்தனை வருஷம் நிலத்தைப் பிடிச்சு வச்சிருக்கறது?”

இந்த மாதக் கடைசிவரை தவணை கொடுத்திருக்கிறாள். அவள் அப்படிக் கேட்டதும் அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஜெனெல், நாங்கள் இரண்டு பேரும் உன்னிடம் ஒருநாளும் நேராகக் கேட்டதே இல்லை என்பது அந்த வயலில் நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. கேட்டால் என்ன சொல்லிவிடுவாயோ என்ற பயம்தான், வேறென்ன.

இப்போது கேட்கிறேன். வருகிறீர்கள் என்றால் வருகிறோம் என்று சொல், இங்கே உங்களுக்கென்று வைத்திருக்கும் வீட்டுக்கு நாளைக்கே சுண்ணாம்பு அடிக்கச் சொல்கிறேன். இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிடு, கேலமின் அம்மா அப்பாவும் அங்கேதான் இருக்கிறார்கள், ரூபிக்கும் அது ஊராகிவிட்டது, எனக்குப் புரியாமல் இல்லை. கொட்டகைக்குள் போய் ஒருநாள் அழுவேன், மறுநாள் வந்து சமைப்பேன். அப்பாவையும் நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் பார்க்கலாம்மா என்று மட்டும் சொல்லாதே கண்ணு. இத்தனை வருடம் நீ சொன்னது அது ஒன்றுதான், அதை நம்பித்தான் குளிர்ந்த மண்ணில் விதைத்தோம்.

இன்று மண் அறுபத்திரண்டு காட்டுகிறது, உங்கள் கணக்கில் பதினேழு. அப்பா அந்த நாற்பது ஏக்கரிலும் மறுபடி விதைத்துக்கொண்டிருக்கிறார், வானம் தெளிவாக இருக்கிறது, இந்தத் தடவை வெப்பமானியை என்னிடம் காட்டிவிட்டுத்தான் கிளம்பினார்.

உங்கள் மூவருக்கும் எங்கள் ஆசி எப்போதும் உண்டு, எந்த ஊரில் இருந்தாலும் உண்டு. ரூபிக்கு முத்தம். அல்வினாவின் எண்ணைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். மத்தியானம் ஒன்றிலிருந்து மூன்றுவரை தூங்குவாள், காது மந்தம், சத்தமாகப் பேசு. எங்களுக்குச் சொல்லும் முன் அவளிடம் சொன்னாலும் பரவாயில்லை.

உன் பதிலுக்குப் பயந்துகொண்டே அதற்காகக் காத்திருக்கும்,
அம்மா
லோர்னா