வெயில் படாத கறுப்பு

8 செப்டம்பர் 2024, ஞாயிறு

நிலாவெளியில் கலியாண வீடு. ஒருவரும் என்னிடம் சுகம் கேட்கவில்லை, நிறம்தான் கேட்டார்கள். "என்ன சனூஸா, இப்பிடிக் கறுத்துப் போனீங்க?" தேசிக்காய், கடலைமா, கற்றாழை என்று பந்தியில் சோற்றைவிட வைத்தியம்தான் அதிகம் பரிமாறப்பட்டது. வெயிலில் திரியாதே என்றார்கள் எல்லோரும். நான் திருகோணமலை ஓர்ஸ் ஹில் அலுவலகத்தில் காலை முதல் மாலை வரை ஃபேனுக்குக் கீழே கோப்புப் பார்ப்பவள். வெயில் என்ன, அனுமதி வாங்கி உள்ளே வருகிறதா?

24 செப்டம்பர்

என் வீட்டுக்காரர் றிகாஸ் வாங்கித் தந்த வெளுக்கிற கிறீமைப் பூசி வருகிறேன். தலையணை உறை வெளுத்திருக்கிறது.

3 ஒக்டோபர்

சாப்பாடு இறங்குவதில்லை. சட்டையெல்லாம் தொளதொளவென்று தொங்குகிறது. ஆனால் உப்பு மட்டும் வேண்டிக் கிடக்கிறது! குசினியில் நின்றபடியே தேசிக்காய் ஊறுகாயைக் கரண்டியால் அள்ளித் தின்றுகொண்டிருந்தேன். மாமி, றிகாஸின் உம்மா, கண்டுவிட்டார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை.

"நாள் தள்ளிப் போயிருக்கா புள்ள?"

தள்ளித்தான் போயிருந்தது. மஃரிப் தொழுகைக்கு முன்னமே செய்தி கிண்ணியாவிலுள்ள சொந்தங்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

5 ஒக்டோபர்

சோதித்துப் பார்த்தாயிற்று. பிள்ளை இல்லை. கிண்ணியாவுக்குப் போன செய்தியை யார் போய்த் திருப்பி எடுத்து வருவது? மாமி ஊறுகாய்ப் போத்தலை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

19 ஒக்டோபர்

தனியார் கிளினிக். டொக்டர் தலை நிமிரவே இல்லை. "காஸ்ட்ரிக். உறைப்பு, உப்பு குறையுங்கோ." பிறசர் மிகக் குறைவாம். "நல்லதுதானே, மற்றவை கூடிப்போயெல்லோ அலையினம்" என்று பாராட்டி அனுப்பினார்.

20 ஒக்டோபர்

உப்பில்லாத சோறு. இது மருந்தா, தண்டனையா?

6 நவம்பர்

அலுவலக மேட்டில் ஏற ஏலாமல் பாதியில் மதிலோடு குந்திவிட்டேன். பின்னேரம் வேறொரு டொக்டரிடம் போனோம். "வீட்டில ஏதும் பிரச்சினையோ?" என்று கேட்டார். றிகாஸ் முகட்டைப் பார்த்தார்.

"கதிரையால எழும்ப ஏலாமக் கிடக்கு, அதுதான் பிரச்சினை" என்றேன்.

"அதுக்குப் பேர்தான் மன அழுத்தம்."

நித்திரைக் குளிசை தந்தார். நாள் முழுக்கத் தூங்கி வழிகிறவளுக்கு!

எனக்குத்தான் விசரோ? எல்லாம் நானா நினைக்கிறதோ?

18 நவம்பர்

காய்ச்சல். குடித்த தண்ணீரும் சத்தியாய் வெளியே வருகிறது. எழுத ஏலாது —

23 நவம்பர், ஆஸ்பத்திரி

குளியலறையில் விழுந்தேனாம். றிகாஸ் அள்ளி ஓட்டோவில் போட்டுக் கொண்டுவந்தாராம். எனக்கு நினைவில்லை.

கண் விழித்தபோது வார்ட்டில் டொக்டர் தனுஷிகா என் கையை விரித்து வைத்திருந்தார். உள்ளங்கை ரேகைகள் மை இழுத்ததுபோல் கறுத்திருந்தன. உதட்டைத் தூக்கிப் பல்முரசைப் பார்த்தார். அதுவும் கறுப்பு.

"இஞ்சையெல்லாம் வெயில் படாதே அக்கா. உப்பு நல்லாத் தின்ன வேணும்போல இருக்கோ?"

அழுதுவிட்டேன். ஊறுகாய்க் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

அடிசன் நோய் என்று பெயராம். சிறுநீரகங்களுக்கு மேலே இரண்டு சின்னச் சுரப்பிகள். உப்பையும் பிறசரையும் பிடித்துவைக்கிற ஹோர்மோன் அங்கிருந்துதான் வருகிறது. என் உடம்பே அவற்றை எதிரி என்று நினைத்து அழித்துவிட்டது. அந்த ஹோர்மோன் குறைந்தால் தோலும் கறுக்குமாம். இரத்தச் சோதனை முடிவு வரும்வரை காத்திருக்காமல் அந்த ஹோர்மோனை ஊசியால் ஏற்றியிருந்தார்கள். "இன்னும் கொஞ்சம் சுணங்கியிருந்தால்..." என்றபடி சேலைன் குழாயைச் சரிபார்த்தார்.

அபூர்வமான நோயாம். ஆனால் ஊரே அதைக் கண்டிருந்தது. கண்டு, கிறீம் சொன்னது.

12 டிசம்பர்

வீடு. அந்த ஹோர்மோனுக்குப் பதிலாக உயிருள்ளவரை ஸ்டீரொய்ட் குளிசை, ஒருநாளும் நிறுத்தக்கூடாது. நோய் பார்க்க வந்த பக்கத்து வீட்டு சுஹைரா, "ஸ்டீரொய்டா? அது கூடாது, விட்டுப் போடுங்க" என்றார். மாமி தேத்தண்ணி கொடுக்காமலே அவரை அனுப்பிவிட்டார்.

2 மார்ச் 2025, ஞாயிறு

முதல் நோன்பு. இந்த முறை பிடிக்கவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் எல்லோரும் நோன்போடிருக்க, நான் சோற்றுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு குசினி மூலைக்குப் போனேன். அந்த நேரம் பார்த்து சுஹைராவின் குரல் வாசலில். கோப்பையை மறைத்தேன், கறி மணத்தை மறைக்க முடியவில்லை.

"சனூஸா நோன்பில்லயா?"

மாமி உள்ளே வந்து என் கையைப் பிடித்து முன் அறைக்கே கூட்டிக்கொண்டு போனார். "ஒளிச்சுத் தின்ன நீ என்ன களவா எடுத்த? இதில இருந்து தின்னு." பிறகு வாசல் பக்கம் திரும்பி, "என்ட புள்ளைக்கு மார்க்கம் சலுகை குடுத்திருக்கு. நீங்க உங்கட நோன்பப் பாருங்க" என்றார்.

நான் தின்று முடித்து, குளிசையை விழுங்கும்வரை, நோன்போடு நின்ற மாமி எனக்குத் தண்ணீர்க் கிளாஸைப் பிடித்துக்கொண்டிருந்தார்.