திருத்த முடியாத ஏழாம் கட்டளை

7 ஜூலை 2025, திங்கள்

தோல் கிளினிக்கில் இன்று தனுஜா என்ற பெண்ணின் முகத்தை டாக்டருக்காகப் படம் எடுத்தேன். வழக்கம்போல் கணினியில் மேக்ரோவை ஓட்டினேன். அவள் திரையைப் பார்த்துச் சிரித்தாள். "அக்கா, கன்னத்துல இருந்த மச்சம் எங்க? அழகாக்கிட்டீங்க லா!"

நானும் சிரித்தேன். உடனே படத்தை மூடினேன்.

அந்த மேக்ரோவை ஜூன் தொடக்கத்தில் பதிவு செய்தது நான்தான். ஒரு படத்துக்கு அளவு, வண்ணம், தேதி என்று செய்வதைப் பதிந்து வைத்தால், மற்ற படங்களுக்கும் கணினியே அதே வரிசையில் செய்துவிடும். பதியும்போது மாதிரிப் படத்தில் ஒரு தூசி தெரிந்தது. கல்யாண ஸ்டூடியோவில் எட்டு வருடம் பழகிய கை — தூரிகையால் அழித்துவிட்டது. அதுவும் பதிவாகிவிட்டது, ஏழாவது கட்டளையாக.

தெரியாமல் இல்லை. அன்றே நீக்கப் பார்த்தேன். அளவை மாற்ற விட்டது, தேதியை மாற்ற விட்டது. தூரிகை போட்டதை மட்டும் திறக்கவே விடவில்லை. அதை எடுத்தால் பின்னால் வருபவையும் போய்விடும். எல்லாவற்றையும் மறுபடி பதிய வேண்டும். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். ஒரு சின்ன இடம்தானே என்று விட்டுவிட்டேன்.

ஒரு மாதமாக ஒவ்வொரு படத்திலும் அதே இடத்தை அது அழித்துக்கொண்டிருக்கிறது. மச்சம் வளர்கிறதா என்று டாக்டர் பார்ப்பதே இந்தப் படங்களில்தான்.

8 ஜூலை

இந்த ஒரு மாதத்தில் படம் எடுத்தது நூற்று எண்பத்து மூன்று பேர். அசல் படத்தின் மேலேயே சேமிக்கும்படி வைத்திருக்கிறேன். கேமரா கார்டை வெள்ளிக்கிழமைதோறும் துடைத்துவிடுகிறோம். நேற்றும் இன்றும் எடுத்தவைதான் மிச்சம்.

மேக்ரோவைப் புதிதாகப் பதிந்தேன். பத்து நிமிடம். வெறும் பத்து நிமிடம்!

யாருக்கும் தெரியாது. சொல்லாவிட்டால் என்ன?

9 ஜூலை

கவுண்டரில் இருக்கும் ரோஹானா அக்கா, "ஏன் மூஞ்சி இப்படி வெளுத்திருக்கு?" என்றார். தலைவலி என்றேன்.

பிச்சைமுத்து ஐயாவின் கோப்பைத் திறந்தேன். பாலத்துக்கு அந்தப் பக்கம், சுங்கை பாக்காப் ஊரிலிருந்து வருபவர். முதுகில் மச்சம். ஜூனில் எடுத்தபோது அதன் பக்கத்தில் இன்னொரு சிறு கருப்பைப் பார்த்த ஞாபகம். படத்தில் வெறும் தோல். அன்று டாக்டர் குணாளன் ஊரில் இல்லை. பிறகு படத்தை மட்டும் பார்த்து எழுதியிருக்கிறார்: 'மாற்றம் இல்லை. ஆறு மாதம் கழித்து வரலாம்.'

யா அல்லாஹ். நெசமாவே பாத்தேனா? அங்க என்ன இருக்கு? வளந்துக்கிட்டு இருக்கா?

10 ஜூலை

காலையில் டாக்டரிடம் சொல்லிவிட்டேன். தெரிந்தே விட்டதையும் சொன்னேன்.

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "எத்தன பேரு, மர்ஜானா?"

சொன்னேன்.

"எல்லாரையும் திரும்பக் கூப்பிடுங்க. இன்னைக்கே."

திட்டியிருந்தால் தேவலை.

12 ஜூலை, சனி

பிச்சைமுத்து ஐயாவுக்குப் போன் போகவே இல்லை. ரோஹானா அக்காவின் காரில் பாலம் தாண்டிப் போனோம். கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார்.

"போன் தண்ணில விழுந்துருச்சும்மா. ஆறு மாசம்னு சொன்னாங்களே, எதுக்கு இவ்ளோ தூரம் வந்தீங்க?"

"படம் சரியா விழல ஐயா. திங்கக்கிழம வந்துடுங்க."

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. குடிக்கக் காப்பி வேறு கொடுத்தார்.

14 ஜூலை

பிச்சைமுத்து ஐயா சட்டையைக் கழற்றினார். அந்தக் கருப்பு இருக்கிறது. பச்சைப்பயறு அளவு. டாக்டர் அப்போதே சிறு துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்.

15 ஜூலை

ஒன்றுமில்லை என்று வரட்டும்.

24 ஜூலை

புற்றுநோய்.

ஆரம்ப நிலைதான், வெட்டி எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். "ஆறு மாசம் விட்டிருந்தா—" என்று தொடங்கியவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

இதுவரை நூற்று எழுபது பேர் வந்துவிட்டார்கள். மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. பதிமூன்று பேர் இன்னும் வரவில்லை. அந்தப் பதிமூன்று பெயரும் மனப்பாடமாகிவிட்டது.

6 ஆகஸ்ட்

கடைசி ஆளும் இன்று வந்து போனார். சுகம். கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

12 ஆகஸ்ட், செவ்வாய்

பிச்சைமுத்து ஐயா, வெட்டி எடுத்த இடத்தில் தையல் பிரிக்க வந்தார். தழும்பைப் படம் எடுத்தேன். கேமராவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்.

"ஐயா, அன்னைக்குப் படம் சரியா விழலன்னு சொன்னது பொய். விழுந்துச்சு. நான்தான் அழிச்சிட்டேன்."

எப்படி என்பதையும் சொன்னேன். அவர் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டார். என்னைப் பார்க்காமலே வெளியே போனார்.

ரோஹானா அக்கா சாயங்காலம் வந்து சொன்னார் — ஐயா கவுண்டரில் நின்று அடுத்த வருகைக்குத் தேதி கேட்டாராம். பிறகு, "அடுத்த மாசம், அந்தப் படம் எடுக்குற பொண்ணு வேலைக்கு வர்ற நாளாப் பாத்துப் போடுங்க" என்றாராம்.