நேராக ஆட்ட வேண்டிய தலை

பினாங்கு, 12 ஆகஸ்ட் 1943, வியாழன். ஆபீஸ் தாள்களில்தான் ஜப்பான் கணக்குப்படி 2603.

கிடங்கில் மூட்டை தூக்கும் வேலு அண்ணனை இன்று காலை வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். "பெசோக் மாவ் கெர்ஜா?" நாளைக்கு வேலை செய்கிறாயா என்று ஜப்பான் அதிகாரி மலாயில் கேட்டார். அண்ணன் நம் வழக்கப்படி தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார். அதிகாரிக்கு அது மாட்டேன் என்று பட்டுவிட்டது. பதிவேட்டில் பெயரை அடித்தது கிடங்குக் கணக்கு எழுதும் கிராணியான நான்தான். அப்போது வாய் திறக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

வேலையில்லாதவர்களைப் பிடித்துச் சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்புகிறார்கள். போனவர்களில் ஒருவர்கூட இன்னும்...

மத்தியானம் அதிகாரி முன்னால் போய் நின்றேன். எங்கள் ஆட்கள் சரி என்பதற்கும் அப்படித்தான் ஆட்டுவார்கள், அவரை இன்னொரு தடவை கேளுங்கள் என்றேன். அறை விழும் என்று நினைத்தேன். "பெசோக்," என்றார். நாளைக்குக் கேட்பாராம்.

சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் மனைவி ராசம்மா அக்கா அவருடைய தாடையைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பழக்கினார்.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து நான் சொன்னதுக்கு இப்படி ஒருநாளும் ஆட்டினதில்ல லா, தம்பி," என்று சிரித்தார். கண் கலங்கியிருந்தது.

பத்துத் தடவை நேராக ஆட்டிக் காட்டினார் அண்ணன். நிம்மதியாக எழுந்தேன்.

"காலையில நேரத்தோட வந்துருவீங்கதானே, அண்ணே?"

"கண்டிப்பா தம்பி," என்றார். தலை இரண்டு பக்கமும் ஆடியது.